படிக்க முடியாத 393 படங்கள்

தாய்லாந்தின் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மருத்துவ நிலையங்கள். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைச் செவிலியர்கள் படம் எடுத்து ஒரு கணினி நிரலுக்கு அனுப்புகிறார்கள். முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்கள் போயின. அவற்றில் 393 படங்களை நிரல் படிக்க மறுத்துவிட்டது. படத்தின் தரம் போதாதாம். ஐந்தில் ஒன்றுக்கும் மேல்.

கூகுளின் ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்த நிரல்தான் அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2016-ல், உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியாகியிருந்தது. கண் மருத்துவர்களுக்கு நிகராக விழித்திரைப் படத்தைப் படிக்கிறது என்று மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. செய்தித்தாள்கள் மருத்துவரை மிஞ்சிய கணினி என்று எழுதின. செயற்கை நுண்ணறிவு ஏழைக்கு எப்படி உதவும் என்று கேட்கிறவர்களுக்கு இன்றும் முதலில் காட்டப்படும் உதாரணம் இது. காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த முதல் கட்டுரையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. அதன் ஒரு முனை மதுரையில் இருக்கிறது என்பது கூடுதல் காரணம்.

வலிக்காத நோய்

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் போனால் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதாகும். முதலில் குழாய்ச் சுவரில் ஊசிமுனை அளவுக்குப் புடைப்புகள் தோன்றும்; படத்தில் அவை சிவப்புப் புள்ளிகள். அடுத்து இரத்தக் கசிவு, மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவு, சில நேரம் பார்வையின் மையப் பகுதியில் நீர் கோத்து வீக்கம். கடைசிக் கட்டத்தில், பிராணவாயு போதாத விழித்திரை புதிய குழாய்களை முளைக்க வைக்கிறது. அந்தக் குழாய்கள் வலுவற்றவை. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவும். தழும்பாகிச் சுருங்கினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

இத்தனையும் நடக்கும்போது வலி இருக்காது. கடைசிக்கு முந்தைய கட்டம் வரை பார்வைகூடத் தெளிவாக இருக்கலாம். லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் நன்றாக வேலை செய்வது அந்தக் காலத்தில்தான். மங்கலாகத் தெரிகிறது என்று நோயாளி தானே வரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். அதனால்தான் எல்லாச் சர்க்கரை நோயாளிகளும், தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்கிறார்கள்.

எல்லோரும் என்றால் எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். நாற்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் எட்டில் ஒருவருக்கு விழித்திரைப் பாதிப்பு இருக்கிறது என்றது 2022-ல் வந்த மற்றொரு தேசிய ஆய்வு. பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் 4 சதவீதம் பேர். அந்த நால்வரைக் கண்டுபிடிக்க நூறு பேரையும் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் அந்த நிரல் போன காலத்தில் 45 லட்சம் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் மருத்துவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். அவர்களில் விழித்திரை நிபுணர்கள் 200 பேர்தான்.

என் சித்திக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார். கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்டால் நாள்காட்டியில் இருக்கும் ராகுகாலத்தைப் படித்துக் காட்டுவார். எழுத்து தெரிகிறதே, பிறகு எதற்குக் கண் ஆஸ்பத்திரி என்பது அவர் வாதம். சொட்டு மருந்து போட்டு உட்கார வைத்துவிடுவார்கள், அன்றைக்கு முழுக்கக் கண் கூசும், பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியாது, துணைக்கு ஆள் வேண்டும், துணைக்கு வருகிறவரின் கூலி போகும். அவர் சொல்லும் எதிலும் பொய் இல்லை. இந்த நிரலைப் பற்றி எதைப் படித்தாலும் சித்தியை அந்த வரிசையில் உட்கார வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சரியான விடை யாருடையது?

படம் எடுப்பது கடினமான வேலை இல்லை. சில நாள் பயிற்சி போதும். எடுத்த படத்தைப் பார்த்து இது எந்தக் கட்டம் என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. கணினி அங்கே நுழைந்தது.

வருண் குல்ஷன், லில்லி பெங் உள்ளிட்ட கூகுள் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஐபாக்ஸ் (EyePACS) என்ற விழித்திரைப் பரிசோதனை அமைப்பிடமிருந்தும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று கண் மருத்துவமனைகளிடமிருந்தும் படங்களைப் பெற்றார்கள். மொத்தம் 1,28,175 படங்கள். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கண் மருத்துவர்களும் மூத்த பயிற்சி மருத்துவர்களுமாக 54 பேர், 2015 மே முதல் டிசம்பர் வரை அவற்றுக்குத் தரம் குறித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் பார்த்தார்கள். சிவப்புப் புள்ளியைத் தேடு, மஞ்சள் படிவை எண்ணு என்று யாரும் கணினிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. படத்தையும் அதற்கான விடையையும் ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். தன் விடை தப்பும்போதெல்லாம் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்களைத் துளித்துளியாகத் திருத்திக்கொண்டே போனது நிரல்.

2016 இறுதியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வந்தது. புதிய 9,963 படங்களில் வைத்த சோதனையில், நோயைத் தவறவிடக் கூடாது என்று நிரலை இறுக்கி வைத்தால், மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டிய கண்களில் 97.5 சதவீதத்தை அது பிடித்தது. அனுப்பத் தேவையில்லாதவற்றில் 93.4 சதவீதத்தைச் சரியாக விட்டுவிட்டது.

இந்த இடத்தில் பலரும் நகர்ந்துவிடுவார்கள். எனக்கோ அந்த 54 பேரை விட மனமில்லை. கணினிக்கு விடைத்தாள் கொடுத்தவர்கள் அவர்கள். விடைத்தாளை யார் திருத்தியது? ஒரே படத்தைப் பார்த்த இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு கட்டம் சொன்னார்கள். ஒரே மருத்துவரிடம் அதே படத்தை மறுபடி காட்டியபோது அவரே மாற்றிச் சொன்னதும் உண்டு. அதை அளந்து பார்ப்பதற்காகவே சில படங்கள் திரும்பக் காட்டப்பட்டன. முதல் கட்டுரையில் சரியான விடை என்பது பெரும்பான்மை ஓட்டுதான். நாலு பேர் லேசான பாதிப்பு என்றும் மூன்று பேர் நடுத்தரம் என்றும் சொன்னால், லேசானது என்பதே உண்மை ஆகிவிடும். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒத்துவரும். சிவப்புப் புள்ளி ஓட்டுக் கேட்டு வருவதில்லை.

இதை ஆய்வாளர்களே எடுத்துப் பேசினார்கள் என்பது அவர்கள் பக்கத்து நேர்மை. 2018-ல் வந்த தொடர் ஆய்வில் மூன்று விழித்திரை நிபுணர்களை வைத்துக்கொண்டு, கருத்து வேறுபட்ட படங்களை ஒவ்வொன்றாக வாதாடித் தீர்க்கச் சொன்னார்கள். ஓட்டெடுப்பு இல்லை; ஒருமித்த முடிவு வரும் வரை பேச்சு. பெரும்பான்மை ஓட்டு எங்கெல்லாம் சறுக்கியிருந்தது என்று அப்போது தெரிந்தது. முதலிடம், கண்ணில் படாமல் போன ஊசிமுனைப் புடைப்புகளுக்கு. அடுத்தது, கேமராக் கண்ணாடியின் தூசியையும் ஒளிக்கறையையும் நோயின் அடையாளம் என்று எண்ணிய குழப்பம். இப்படித் தீர்த்து வைத்த விடைகள் வெறும் 3,737 படங்களுக்குத்தான்; நிரலை நுணுக்கமாகச் சீர்செய்ய அந்தச் சிறு தொகுப்பே உதவியது. ஒன்றேகால் லட்சம் படங்களோடு ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடி. கணினிக்குத் தரவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று மந்திரம்போல் ஓதுகிறவர்கள் இந்தக் கைப்பிடியை ஒருமுறை பார்க்கலாம்.

காலை ஆறு மணி வரிசை

நிரல் தயார். 2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்ட் வரை கூகுளின் வேறொரு குழு தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் உட்கார்ந்து, செவிலியர்கள் வேலை செய்வதைப் பார்த்துக் குறிப்பெடுத்தது. இவர்கள் நிரல் எழுதுகிறவர்கள் இல்லை. மனிதர்கள் கருவிகளோடு எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராய்கிறவர்கள். 2020-ல் வெளியான அவர்களது அறிக்கை, இத்துறையில் நான் படித்தவற்றில் மிகவும் பயனுள்ளது. ஒரு நிறுவனம் தன் பொருள் தடுக்கி விழுந்த இடங்களைத் தானே வரிசைப்படுத்தி அச்சிடுவது அன்றாடம் நடப்பதில்லை.

நல்ல விழித்திரைப் படத்துக்கு இருட்டறை வேண்டும். இருட்டில்தான் கண்ணின் பாவை தானாக விரியும். கேமராவின் ஒளி உள்ளே போய்த் திரும்பும். 11 நிலையங்களில் இருட்டாக்கக்கூடிய தனி அறை இரண்டில் மட்டுமே இருந்தது. மற்ற இடங்களில் அதே அறையில் வேறு பரிசோதனைகளும் நடக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது எடுத்த படத்தின் ஓரம் இருண்டு போகும். நிரல் திருப்பி அனுப்பும்.

படம் ஓரளவு மங்கலாக இருந்தாலும் தங்களால் படிக்க முடிகிறது, கருவியால் முடியவில்லை என்று செவிலியர்கள் ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். உண்மைதான். ஒரு மூலை இருட்டாக இருந்து, தெரிகிற பகுதியில் இரத்தக் கசிவு பளிச்சென்று இருந்தால், பழகிய கண்ணுக்கு அதுவே போதும். நிரலுக்கு முதலில் தரச் சோதனை. அதில் தேறாத படத்தில் என்ன தெரிகிறது என்ற கேள்விக்கே அது வராது. ஆய்வுக்கூடத்துக் கண்ணோட்டத்தில் இது நல்ல பண்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நிரல், அடித்துவிடும் நிரலைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த வார்த்தைக்கு அடுத்து ஒரு விதி இருந்தது. நிரலால் படிக்க முடியவில்லை என்றால் நோயாளியைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பெரிய மருத்துவமனையில் அதற்குப் பொருள் அடுத்த அறைக்குப் போ என்பது. பதும் தானியில் அதற்குப் பொருள் வேறொரு நாளில் ஒரு மணி நேரம் பயணம் செய்து போ என்பது. அங்கே போய்ப் பார்த்தால் கண்ணில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அன்று அறையில் விளக்கு எரிந்தது மட்டுமே காரணமாக இருக்கலாம். கருவியின் எச்சரிக்கை உணர்வுக்கான செலவை நோயாளி தன் மடியிலிருந்து கொடுத்தார். அந்த 393 படங்களை நான் இப்படித்தான் எண்ணுகிறேன். சில நிலையங்களில் செவிலியர்களே நோயாளிகளிடம் இந்த ஆய்வில் சேர வேண்டாம், வீணாக அலைய நேரும் என்று சொல்லத் தொடங்கினார்கள். கருவியை ஓட்டவேண்டியவர்கள் அவர்கள். தங்கள் ஊர் மக்களின் சட்டைப்பையை அவர்களுக்குத் தெரியும்.

இணையம் வேறு. படம் மேலே ஏறி முடிவு இறங்கி வருவதற்கு நல்ல இணைப்பில் சில நொடிகள் போதும். பல நிலையங்களில் ஒரு படம் ஏறவே ஒன்று, ஒன்றரை நிமிடம் ஆனது. ஒரு நிலையத்தில் இரண்டு மணி நேரம் இணைப்பே அறுந்தது; அன்று 200 பேருக்குப் பதிலாக 100 பேரைத்தான் பார்த்தார்கள். நோயாளிகள் காலை ஆறு மணியிலிருந்து காத்திருக்கிறார்கள், முதல் இரண்டு மணி நேரத்தில் பத்துப் பேரைத்தான் பார்க்க முடிந்தது என்று ஒரு செவிலியர் சலித்துக்கொண்டார். முன்பு படத்தை எடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். மருத்துவரின் பதில் வரப் பத்து வாரம் வரைகூட ஆகும், ஆனால் வரிசை நகரும். இப்போது பதில் உடனே வரும், அதற்காக வரிசை நின்றது. கருவியின் துல்லியம் எவ்வளவு என்று நோயாளிகள் யாரும் கேட்கவில்லையாம். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதே அவர்கள் கேள்வி.

விதியை மாற்றினார்கள். படிக்க முடியாத படம் வந்தால் நோயாளியை அலைய விடுவதில்லை. படத்தையும் அவரது மருத்துவக் குறிப்புகளையும் கண் நிபுணர் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்வார். திருத்தம் சிறியதுதான். அதில் நிரலின் ஒரு வரிகூட மாறவில்லை.

அடுத்த கட்டமாக 2022-ல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வில் ஒன்பது நிலையங்களில் 7,651 பேர் சேர்ந்தார்கள். நிரலின் முடிவை ஒவ்வொரு முறையும் விழித்திரை நிபுணர் தொலைவிலிருந்து சரிபார்த்தார். பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் இருந்தவர்களில் 91.4 சதவீதத்தை நிரல் கண்டுபிடித்தது. அந்த நிபுணர்கள் பிடித்தது 84.8 சதவீதம். தேவையில்லாதவரை அனுப்பாமல் விடுவதில் இருவரும் ஏறத்தாழ சமம். கணினி வென்றது என்று எழுதலாம், தவறில்லை. அதே ஆய்வில் வேறு ஓர் எண்ணும் இருக்கிறது: நோய், படிக்க முடியாத படம், குறைந்த பார்வை எல்லாக் காரணமும் சேர்த்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் 2,412 பேர். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. நிரல் நல்ல மதிப்பெண் வாங்கிய நாளிலும் பெரிய மருத்துவமனையின் வாசலில் அத்தனை பேர் போய் நிற்க வேண்டும்.

மதுரையில் ஏற்கெனவே இருந்தது

2019 பிப்ரவரியில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த நிரல் அன்றாடச் சிகிச்சையில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டின் முடிவுகளும் வெளியாயின. அரவிந்தில் நிரல், அனுப்ப வேண்டியவர்களில் 88.9 சதவீதத்தைப் பிடித்தது, தேவையில்லாதவர்களில் 92.2 சதவீதத்தை விட்டுவிட்டது. சங்கர நேத்ராலயாவில் 92.1, 95.2. படத்தைக் கண்ணால் பார்த்துத் தரம் குறிக்கும் மனிதர்கள் பிடித்தது, ஆளையும் இடத்தையும் பொறுத்து, 73.4 முதல் 89.8 சதவீதம்.

சதவீதங்கள் கண்ணில் ஒட்டுவதில்லை. அரவிந்தின் எண்ணை வைத்து ஒரு முகாமைக் கற்பனை செய்துகொள்வோம். ஆயிரம் பேர் வருகிறார்கள். அவர்களில் நூறு பேருக்கு உண்மையிலேயே மருத்துவர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரல் 89 பேரைப் பிடிக்கும், 11 பேரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பும். மீதி 900 பேரில் 70 பேரைத் தேவையில்லாமல் மருத்துவரிடம் போகச் சொல்லும். மொத்தம் 159 பேர் சீட்டோடு கிளம்புவார்கள். அவர்களில் ஐந்துக்கு இரண்டு பேருக்கு மேல் ஒன்றும் இல்லாதவர்கள். நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் இந்த விகிதம் இன்னும் மோசமாகும். அந்தப் பதினொரு பேரைப் பற்றித்தான் எல்லோரும் பதறுகிறார்கள். எழுபது பேரும் பதறத் தக்கவர்களே. ஒரு நாள் கூலியை விட்டு மதுரைக்குப் போய், ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்புகிறவர் அடுத்த ஆண்டு முகாமுக்கு வருவாரா? பக்கத்து வீட்டுக்காரரை வரவிடுவாரா?

ஆனாலும் மதுரையில் இந்தக் கருவி தாய்லாந்துபோல் தடுக்கி விழவில்லை. நிரல் ஒன்றுதான், வந்து சேர்ந்த இடம் வேறு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 11 படுக்கை வைத்துத் தொடங்கிய மருத்துவமனை அரவிந்த். 1992 முதல் அதன் அங்கமான அரோலேப் உள்விழி லென்ஸ்களை மலிவாகச் செய்கிறது. சிற்றூர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பார்வை மையங்கள் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற சுற்றுவட்டாரப் பெண்கள். கண்ணைப் பரிசோதிப்பார்கள், படம் எடுப்பார்கள், தலைமை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரோடு காணொளியில் நோயாளியைப் பேச வைப்பார்கள். சீட்டு எழுதினால் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பது எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் நிரல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பொருந்தியிருந்தன. படங்கள் மலைபோல் குவிய, படிக்க ஆள் போதாத ஒரே ஓர் இடத்தில் நெரிசல் இருந்தது. நிரல் அந்த இடத்தில் உட்கார்ந்தது. தாய்லாந்தில் நெரிசல் வேறு இடங்களிலும் இருந்தது: இருட்டறையில், இணையத்தில், ஒரு மணி நேரச் சாலையில். இந்தச் செய்தியில் நான் பிடித்துக்கொள்வது இதை மட்டும்தான்.

2019 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை இந்தியாவில் 45 இடங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களை நிரல் பார்த்திருந்தது. அவர்களில் 4,537 பேரின் படங்களை மட்டும் எடுத்து நிபுணர்களிடம் மறுபடி காட்டிச் சரிபார்த்தார்கள். தீவிரக் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் இருந்தவர்களில் 97 சதவீதத்தை நிரல் பிடித்திருந்தது. அந்தக் கட்டத்தில் இல்லாதவர்களில் 96.4 சதவீதத்தைச் சரியாகச் சொல்லியிருந்தது. நல்ல எண்தான். முன்பு சொன்ன 88.9-இலிருந்து 97-க்கு ஏறிவிட்டது என்று மட்டும் யாரும் படித்துவிடக் கூடாது. அங்கே நடுத்தரப் பாதிப்பிலிருந்து எண்ணினார்கள், இங்கே தீவிரக் கட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். பெரிய மீனுக்கு விரித்த வலையில் சிக்கியதையும் சிறிய மீனுக்கு விரித்த வலையில் சிக்கியதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. பயன்பாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய், கருவி இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்தார்கள். கேமரா மாறும், வருகிறவர்களின் வயது மாறும், படம் எடுப்பவர் மாறுவார். திறப்பு விழாவோடு சோதனை முடிந்துவிட்டது என்று நினைப்பது நம் ஊர்ப் பாலங்களுக்கு நேர்ந்த கதி.

இணையச் சிக்கலுக்கு வேறொரு விடையும் இருக்கிறது. பெங்களூரின் ரெமிடியோ நிறுவனத்தின் கேமராவில் வேறொரு நிரல் கைபேசிக்குள்ளேயே ஓடும், இணைப்பு வேண்டாம். மும்பை மாநகராட்சி மருந்தகங்களில் 213 பேரிடம் நடந்த சோதனையில், மேல்சிகிச்சை தேவைப்பட்ட ஒருவரைக்கூட அது தவறவிடவில்லை. சிறிய சோதனைதான்.

படத்தில் வேறென்ன தெரிகிறது

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2018-ல் கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து, அது ஆணின் கண்ணா பெண்ணின் கண்ணா என்று கணினியால் ஏறக்குறையப் பிசகாமல் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். வயதைச் சராசரியாக மூன்று, மூன்றரை ஆண்டு வித்தியாசத்துக்குள் சொன்னது. புகைப்பழக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும்கூட ஓரளவு ஊகித்தது. ஆண் கண்ணையும் பெண் கண்ணையும் படத்தில் பிரித்துச் சொல்ல எந்தக் கண் மருத்துவருக்கும் அதுவரை தெரியாது. பிரிக்க முடியும் என்று யாரும் நினைத்ததுகூட இல்லை.

அறிவியலாகப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் முகாமில் கையெழுத்து வைக்கும் என் சித்தி எதற்குச் சம்மதிக்கிறார்? சர்க்கரை கண்ணைத் தின்கிறதா என்று பார்ப்பதற்கு. அதே படத்திலிருந்து நாளை இதயநோய் அபாயத்தையும் வேறெதையும் படிக்க முடிந்தால், அந்தச் சம்மதம் அதையும் தாங்குமா? மருத்துவமனைக்கும் தெரிய வேண்டும், காப்பீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று கோடு போடுவது யார்? இந்தக் கேள்விகள் கற்பனை என்று சொன்னவர்கள் 2018-க்கு முன் சொன்னவர்கள்.

பணக் கணக்கு சுருக்கமானது. 2024 அக்டோபரில் கூகுள் இந்த நிரலை இந்தியாவில் அரோலேபுக்கும், கேமரா செய்யும் பெங்களூரு ஃபோரஸ் ஹெல்த்துக்கும், தாய்லாந்தில் பெர்செப்ட்ரா நிறுவனத்துக்கும் உரிமம் கொடுத்தது. பத்து ஆண்டுகளில் 60 லட்சம் பரிசோதனைகள், நோயாளிக்குச் செலவில்லாமல் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. ஆண்டுக்கு ஆறு லட்சம். இந்தியாவின் 10.1 கோடிக்கு முன்னால் அது சிறு எண், ஆனால் தொடக்கமாகப் பார்த்தால் நாணயமானது. நிரலைப் பயிற்றுவித்த படங்களில் பல நம் ஊர் நோயாளிகளின் கண்கள். பதினோராவது ஆண்டில் ஒரு படத்துக்கு எவ்வளவு, அதைக் கொடுப்பது அரசா, மருத்துவமனையா, நோயாளியா என்பது இப்போதே எழுதி வைக்க வேண்டியது.

சித்தி கடைசியில் போனார். என் வாதம் எடுபட்டு இல்லை. பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு ஒரு கண் பார்வை போய்விட்டது. ஊருக்கு வந்த ஒரு முகாமில் நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தாங்கியில் வைத்தார். வலது கண்ணுக்கு மூன்று முறை ஒளி அடித்தார்கள். மூன்று முறையும் திரையில் படம் தெளிவில்லை என்றே வந்ததாம். கேமரா பிடித்திருந்த பெண்ணுக்கு அவர் பேத்தி வயது இருக்கும். திரையை விட்டுவிட்டு டார்ச்சால் கண்ணைப் பார்த்து, பாட்டி, உங்களுக்குப் புரை விழுந்திருக்கிறது, அது மறைக்கிறது, அதை எடுத்துவிட்டால் பின்னால் இருப்பது தெரியும் என்றாள். சீட்டில் புதன்கிழமை என்று எழுதி, ஏழரை மணிப் பஸ் எங்கே நிற்கும் என்பதையும் சொல்லி அனுப்பினாள்.

சித்தி புதன்கிழமை போகவில்லை. அன்றைக்குத் தெருவில் தண்ணீர் வரும் நாள். அந்தப் பெண் வெள்ளிக்கிழமை போன் செய்தாள்.